விடாது பிரேக்

எமதர்மனை நான் நேருக்கு நேர் பார்த்தது உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் போகிற சாலையில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. தலையில் கொம்பு வைத்த கிரீடம், ஒரு கையில் பாசக்கயிறு, இன்னொரு கையில் அட்டையில் செய்த கதாயுதம், முகமெல்லாம் நீலச் சாயம். என் காரின் இடது முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார்.

"அண்ணாச்சி, எத்தனை நாளா இந்த வாடை வருது?"

எமன் இப்படிக் கேட்டால் நாள் கணக்கை யார் சரியாகச் சொல்வார்கள்? "இன்னைக்குத்தான் சாமி" என்று பொய் சொன்னேன்.

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. முத்தாரம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா. வேண்டுதல் உள்ளவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிப் போய்க் கடைசியில் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். காளி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேடத்துக்குக் கணக்கே கிடையாது. வேடத்துக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் சாமி. வருஷம் முழுக்கக் கடன் சொல்லி என்னிடம் கருப்பட்டி வாங்குகிற ஆள், அந்தப் பத்து நாளும் கடை வாசலில் சூலத்தோடு வந்து நிற்பார். நான் எழுந்து கும்பிட்டுக் காணிக்கை போடுவேன். பழைய பாக்கியைப் பற்றி இரண்டு பேருமே மூச்சு விடமாட்டோம்.

அன்றைக்குப் புகைகிற என் சக்கரத்தைச் சுற்றி நின்ற கூட்டம் இது: ஒரு காளி, இரண்டு குரங்கு, ஒரு கரடி, ஒரு இன்ஸ்பெக்டர், எமன். மேளக்காரர்கள் தனி. இன்ஸ்பெக்டர் தன் வேடத்துக்கு நியாயம் செய்கிறவராக, "வண்டிய ஓரமா எடுங்க" என்று கையை நீட்டினார். எடுக்க முடிந்தால் நான் ஏன் நடு ரோட்டில் நிற்கப்போகிறேன்? கடைசியில் கரடியும் குரங்குகளும் சேர்ந்துதான் தள்ளினார்கள். தள்ளத் தள்ள அந்த ஒரு சக்கரம் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகியது, தூக்கத்தில் எழுப்பின பிள்ளை மாதிரி.

எமனிடம் நான் சொன்னது பொய் என்றேனே, அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

என் தொழில் கருப்பட்டி. அப்பா காலத்துக் கடை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதை நானே போய் வரிசையில் நின்று வாங்கி வந்ததுபோல ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் எல்லாமே சூடுதான். சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறக்கிய பதநீரை விடிலிக் குடிசையில் அடுப்பேற்றுவார்கள். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் பொங்கல் அடங்கும். கூப்பனி என்கிற பாகாகி, அதற்கு மேலும் இறுகிப் பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினால் கருகல். ஆகவே கருகல் வாடை அடித்தால் எங்கள் ஊரில் யாரும் பதறுவதில்லை. எங்கேயோ யாரோ உழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். தவிர, என் கார் டிக்கியில் எந்த நேரமும் நாலு ஓலைப்பெட்டி கருப்பட்டி இருக்கும். அந்தக் காருக்குள் ஏறினவர்கள் எல்லாருமே 'கம்முனு வாசம் அண்ணாச்சி' என்றுதான் சொல்வார்கள். அதில் எது கருப்பட்டி, எது பிரேக் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அறிகுறிகள் ஒரு மாதமாகவே வரிசையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றன. பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது. மச்சினன் மகன் ஓட்டிப் பழகியதால் என்றேன். வண்டி இடதுபக்கம் இழுத்தது. ரோடு சரிவு என்றேன். சமதளச் சாலையில் நியூட்ரலில் போட்டால் நாலு எட்டு உருளாமல் நின்றது. டயரில் காற்று குறைவு என்றேன். இடது முன்சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூள் அப்பிக் கிடந்தது. அதைத் துடைத்தேனே தவிர, வலது சக்கரம் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

நோயை முதலில் கண்டுபிடித்தது எங்கள் தெருநாய். மழை பெய்த ராத்திரிகளில் நான் வண்டியை நிறுத்தின மறு நிமிஷம் அந்த இடது முன்சக்கரத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மற்ற மூன்று சக்கரங்களை அது ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அதற்கு என் மேல் பாசம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி எமனிடம் வருவோம்.

காளி ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார். "வேண்டாம்!" என்று எமன் பாசக்கயிற்றை ஓங்கினார். "காஞ்ச இரும்புல பச்சத் தண்ணி பட்டா டிஸ்க்கு வளைஞ்சிரும், வெடிச்சாலும் வெடிச்சிரும்." பிறகு புறங்கையைச் சக்கரத்தில் படாமல், நாலு விரல் தள்ளிக் காட்டினார். அடுத்து எழுந்து போய் வலது முன்சக்கரத்தில் அப்படியே காட்டினார். திரும்பி வந்தார். "அங்கன வெதுவெதுப்பு. இங்கன அடுப்பு. தொட்டுப் பாத்துராதிய, தோல் உரிஞ்சிரும்."

அந்தப் புறங்கையை எனக்குத் தெரியும். திசையன்விளை சாலையில் தகரக் கொட்டகை போட்டு கார் வேலை பார்க்கிற தம்பியின் கை அது. நீலச் சாயத்துக்கு அடியில் நகக்கண்ணில் ஆயில் கறுப்பு அப்படியே இருந்தது. போன மாதம் வரைக்கும் 'ஏலே தம்பி' என்று கூப்பிட்ட ஆளை இப்போது 'சாமி' என்றுதான் சொல்ல வேண்டும். வேடத்துக்கு மரியாதை. ஆனால் அவர் என்னை 'அண்ணாச்சி' என்றே கூப்பிட்டார். எமலோகத்தில் வயதுக்கு மதிப்பு இருக்கிறது.

"கடைசியா பிரேக் மிதிச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"பஞ்சு மாதிரி உள்ள போச்சு சாமி."

எமன் முகம் மாறியது. நீலத்திலும் அது தெரிந்தது. "அப்ப ஆயில் கொதிச்சிருக்கு."

பிரேக் ஆயில் கொதிக்குமா என்று கேட்டேன். கொதிக்குமாம். டப்பாவில் டாட் 3 என்று போட்ட ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் சாதி. கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே நாம் மிதிப்பது ஆவியைத்தான். சக்கரத்துக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது. ஒரே காரில் ஒரு சக்கரம் பிரேக்கை விடமாட்டேன் என்கிறது, மிதித்தால் மற்றது பிடிக்கமாட்டேன் என்கிறது. கூட்டுக் குடும்பம் தோற்றது.

அரை மணி நேரம் போனது. கோஷ்டி சாலையோரம் சோடா குடித்தது. சக்கரம் ஆறினதும் குரங்கு ஒன்று விளையாட்டாகத் தள்ளிப் பார்க்க, கார் சொன்ன பேச்சுக் கேட்டு உருண்டது. எனக்கு உயிர் வந்தது. "சரியாப் போச்சு சாமி, பைய ஓட்டிட்டு வீட்டுக்குப் போயிருதேன்" என்று சாவியை எடுத்தேன்.

"ஆறினா விடத்தான் செய்யும். ரெண்டு கிலோமீட்டர்ல திரும்பப் பிடிக்கும். எமனே சொல்லுதேன், ஓட்டாதிய."

அதற்கு மேல் எதிர்த்துப் பேச நான் மார்க்கண்டேயன் இல்லை. ஆனாலும் ஒரு முயற்சி பாக்கியிருந்தது. டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து, வண்டியைத் தூக்கி, அடியில் தலையை நீட்டி ஒரு பார்வை பார்க்கலாம் என்று மண்ணில் முட்டி போட்டேன். எமன் கதாயுதத்தை எனக்கும் காருக்கும் நடுவில் நீட்டினார். "அண்ணாச்சி, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போனவங்களத்தான் நான் நேரா கூட்டிட்டுப் போவேன்." மேளக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னவருடைய இலாகா அப்படி.

காரை ஒரு வீட்டு முற்றத்தில் விட்டு, கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினேன். மறுநாள் லோடு வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்கு அனுப்பினேன். கொட்டகை பூட்டியிருந்தது. எமன் சூரசம்ஹாரம் முடிந்து காப்புக் களைந்த பிறகுதான் மனிதனாவார்.

அந்த இடைவெளியில் ஊர் முழுக்க வைத்தியம் பார்த்தது. ஆட்டோ ஸ்டாண்டில் ஹேண்ட் பிரேக் கேபிள் என்றார்கள். என் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் என்று சொன்னபோது, அப்போ அதுவும் போயிருக்கும் என்றார்கள். அனல் மின்நிலைய வேலைக்குப் போய்வருகிற பையன் ஒருவன், "660 மெகாவாட்ல ரெண்டு யூனிட் கட்டுதாங்க, உங்க சக்கரத்தையும் சேர்த்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றான். குலசையில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினதிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் விஞ்ஞானம் கொஞ்சம் தாராளம். புகை விட்டு நின்றுபோன வண்டிக்கு அங்கே என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மச்சினன் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பாடியில் பலசரக்குக் கடை. 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா கம்பெனி அந்தப் பாடியில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு இருபது வருஷமாக வாழைப்பழமும் பால் பாக்கெட்டும் விற்ற தகுதியில், பிரேக் சம்பந்தமாக எந்தக் கேள்விக்கும் அவன் தயங்குவதில்லை. "மாஸ்டர் சிலிண்டர்தான் அத்தான். கண்ணை மூடிட்டு மாத்துங்க" என்றான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையை அவன் எனக்குச் சொல்லிக்கொடுப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன நடந்தது என்பதை அப்போது நான் மறந்திருந்தேன். மறந்திருந்தேன் என்பதும் பொய்தான். நினைத்துப் பார்க்க விருப்பமில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். வியாபாரிக்கு அது ஒன்றுதான் ஆறுதல். ஆயிரம் கிலோ வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் போட்டு நிறுத்தினால் அந்த ஓட்டமெல்லாம் சூடாக மாறவேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரப்படி ஏறத்தாழ 1,39,000 ஜூல். அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அநேகமாக அது போதும். அதாவது ஒவ்வொரு தடவை நான் சடாரென்று வண்டியை நிறுத்தும்போதும் அரை லிட்டர் பதநீர் கொதிக்கிறது, அடுப்பு இல்லாமல். சரி, இது ஒழுங்காக வேலை செய்கிற பிரேக். விடாமல் உரசுகிற பிரேக் என்றால்? பத்துக் கிலோ பாரம் பின்னால் இழுப்பதுபோல லேசாக உரசினாலும், 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 1,350 வாட்டுக்கு மேல். துணி தேய்க்கிற பெட்டியே ஆயிரம் வாட்தான். ஒரு மாதமாக நான் சக்கரத்துக்குள் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்துக்கொண்டு திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் போய் வந்திருக்கிறேன். பெட்ரோல் எங்கே போனது என்று புரிந்தது. நாய்க்குக் கணப்பு.

தசரா முடிந்த மூன்றாம் நாள் எமன் கொட்டகையைத் திறந்தார். பழைய காக்கிச் சட்டை. காதுக்குப் பின்னால் மட்டும் நீலம் போகவில்லை. 'தம்பி' என்று கூப்பிட வாய் வந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு முழுக்க நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

கொட்டகைத் தரை தேரிச் செம்மண். ஜாக்கி அப்படியே புதைந்துவிடும். அதனால் அடியில் கனமான பலகை போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டு இரண்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். அதற்கே கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் மச்சினன் போனில் 'மாஸ்டர் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர்' என்று ஜபித்துக்கொண்டிருந்தான்.

வலது சக்கரத்தைச் சுண்டிவிட்டார், ராட்டினம்போல் சுற்றியது. இடதைச் சுண்டினார், அரைச் சுற்று, நின்றது. என்னைப் பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். இப்போது கையால் திருப்பவே முடியவில்லை. பிறகு அவர் செய்தது ஒரு சின்னக் காரியம். எனக்கு இந்த மொத்த விவகாரத்திலும் பிடித்தது அதுதான். காலிப்பரின் பின்புறம் ஒரு குட்டித் திருகு இருக்கிறது, பிளீடர் நிப்பிள். அதில் ஒரு ட்யூபை மாட்டி, லேசாகத் திறந்து, நாலு சொட்டு ஆயிலை வெளியே விட்டு, உடனே மூடிவிட்டுச் சக்கரத்தைத் திரும்பச் சுண்டினார். அசையவில்லை.

"உங்க மச்சானுக்குச் சொல்லுங்க, மாஸ்டர் சிலிண்டர் இல்ல."

"எப்படி?"

"இதத் தொறந்ததும் சக்கரம் விட்டுச்சுன்னா, மேலேருந்து அழுத்தம் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். மாஸ்டர் சிலிண்டர், இல்லன்னா ரப்பர் ஓஸ் உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சிருக்கும். இப்ப அழுத்தமே இல்ல, ஆனாலும் பிடிக்குது. அப்ப சீக்கு இங்கனதான்."

மச்சினன் தொடர்பு துண்டிக்கப்பட்டது. நெட்வொர்க் என்று நினைக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றினார். தூளை நான் பூ என்று ஊதப்போனேன், கையைத் தட்டிவிட்டார். பழைய பேடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. பிரேக் கிளீனரை அடித்து நனைத்துத் துடைத்தார். டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பூத்திருந்தது. எமனுடைய காது நிறம். காலிப்பரைக் கழற்றி அப்படியே தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினார். அதன் பாரத்தை ஓஸ் தாங்கினால் ஓஸ் உள்ளுக்குள் கிழியும், அடுத்த சீக்கு அங்கேயிருந்து தொடங்கும்.

டிஸ்க் பிரேக்கை 1902-லேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் காப்புரிமை வாங்கி வைத்துவிட்டார். அவருடைய பேடு செம்பு; அது எழுப்பின அலறலில் யாரும் பக்கத்தில் போகவில்லை. 1953-இல் பிரான்சில் நடந்த லெமான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேருடைய மூளையும் சேர்ந்து செய்த அந்தப் பொருள் உண்மையில் ஒரு பாக்குவெட்டி போலத்தான். சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் இரண்டு பேடு கவ்வுகிறது. உள்பக்கத்துப் பேடைப் பிஸ்டன் தள்ளும். வெளிப்பக்கத்துப் பேடைத் தள்ள ஆளில்லை. காலிப்பர் முழுவதுமே இரண்டு பின்களின் மேல் வழுக்கி உள்ளே நகர்ந்து அதை இழுத்துக்கொண்டு வரும். காலை எடுத்ததும் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அதைச் சுற்றியிருக்கிற சதுர விளிம்பு ரப்பர் வளையம், அழுத்தும்போது கொஞ்சம் கோணிக்கொள்கிறது, விட்டதும் நிமிர்கிறது. அந்த நிமிர்வில் பிஸ்டன் ஒரு மயிரிழை பின்வாங்கும். காலிப்பரும் பின்களின் மேல் ஒரு மயிரிழை வழுக்கினால் போதும், சக்கரத்துக்கு விடுதலை. என் வண்டியில் அந்த மயிரிழைதான் பஞ்சாயத்து.

பேடுகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்பேடு பாதி இருந்தது. வெளிப்பேடு இரும்பைத் தொட்டிருந்தது.

"பிஸ்டன் நல்லாத்தான் திரும்புது. காலிப்பர் வழுக்க மாட்டேங்குது. பின்னு பிடிச்சிருக்கு."

ஒரு பின் சுலபமாக வந்தது. இன்னொன்று வரவில்லை. முறுக்கினார், தட்டினார், சுழற்றினார். கடைசியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. அதோடு வந்த ரப்பர் புஷ் ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல உப்பியிருந்தது. புதிய புஷ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் தம்பி என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பின்னில் ஒட்டியிருந்த பிசினை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். நான் கருப்பட்டியை முகர்கிற மாதிரியே, கண்ணை மூடி.

"அண்ணாச்சி, இதுல என்ன கிரீஸ் வச்சிய?"

"நான் எங்க வச்சேன்?"

"கொட்டகைக்கு வந்த வண்டியில நான் இத வைக்கமாட்டேன். கம்பெனியிலயும் வைக்கமாட்டான்."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் வீடியோவில், நான் வாசலில். 'பிரேக் சர்வீஸ் ஒண்ணும் பெரிய வித்தை இல்லத்தான். பின்னைக் கழத்துங்க, துடைங்க, கிரீஸ் வைங்க, மாட்டுங்க.' எந்தக் கிரீஸ் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு கிரீஸ் டப்பா இருந்தது, கடை ஷட்டருக்குப் போடுவது. வீட்டுக்காரி திண்ணையிலிருந்து, "அது ஷட்டர் கிரீஸ்லா?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"கிரீஸ் கிரீஸ்தானே!"

இதை ஏன் இத்தனை தயங்கித் தயங்கிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் கடைக்கு வந்து, "என்ன அண்ணாச்சி, இதுல சீனிப்பாகு கலந்தது மலிவாக் கிடைக்குதே, இனிப்பு இனிப்புதானே?" என்று கேட்ட யாரும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிப் போனது கிடையாது. அவர்களை உட்காரவைத்து, கருப்பட்டியை உடைத்து, வெயிலில் காட்டி, உள்ளே சீனி மின்னுகிறதா பாருங்கள், நாக்கில் வையுங்கள், கடைசியில் ஒரு கரிப்புத் தட்டுகிறதா பாருங்கள் என்று வகுப்பு எடுத்திருக்கிறேன். பார்வைக்கு ஒன்றாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை என்று அப்பா சொன்னதைச் சொல்லிக் கண் கலங்கியும் இருக்கிறேன்.

ஷட்டர் கிரீஸ் மண்ணெண்ணெய் வம்சம். பிரேக்கில் இருக்கிற ரப்பருக்கு அந்த வம்சமே ஆகாது. பட்டால் குடித்துக் குடித்து வீங்கும். அங்கே வைக்க வேண்டியது பிரேக்குக்கென்றே வருகிற, சூடு தாங்குகிற சிலிக்கான் கிரீஸ். அதுவும் பட்டாணி அளவு. நான் இட்லிக்குச் சட்னி மாதிரி வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் கொட்டகையில் ஒப்புக்கொண்டேன். எமனிடம் எதையும் மறைக்க முடியாது என்பது சாஸ்திரம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "மத்தப் பக்கமும் வச்சியளா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அதையும் கழற்றினார். அங்கேயும் கொண்டைக்கடலை, இன்னும் முழுதாக ஊறாதது.

இரண்டு பக்கமும் புதுப் புஷ், புதுப் பேடு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சக் கனம் இவ்வளவு என்று எண் அடித்திருந்தது. அளந்து பார்த்து, இடதுபக்கத்து டிஸ்க் அதற்குக் கீழே போய்விட்டது என்று இரண்டையும் மாற்றினார். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழியாமல் ஒரு கண் வைத்துக்கொண்டார். பிரேக் ஆயில் பெயின்டில் பட்டால் பெயின்ட் போய்விடும்.

பிறகு பழைய ஆயிலை எடுத்தார். புது ஆயில் இளந்தேன் நிறத்தில் இருக்கிறது. என் வண்டியிலிருந்து வந்தது நல்ல கருப்பட்டிக் காப்பி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதாம். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து மூடியைத் திறந்ததில்லை. ஒழுகவில்லையே, எதற்குத் திறக்க வேண்டும்?

காற்று எடுக்கிற படலம் வந்தது. நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், அவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். தூரத்துப் பின்சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தார்.

"அமுக்குங்க."

"அமுக்கியாச்சு."

"பிடிச்சுக்கிடுங்க."

"பிடிச்சாச்சு."

"விடுங்க."

"விட்டாச்சு."

முப்பது வருஷ வியாபாரத்தில் ஒருவரிடமும் நான் இப்படிக் கீழ்ப்படிந்ததில்லை. வீட்டுக்காரி சோற்று வாளியோடு வந்து அரை மணி நேரம் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதி. நடுவில் ஒருமுறை அவர் சொல்லும் முன்பே காலை எடுத்துவிட்டேன், காற்று திரும்ப உள்ளே போனது, முதலிலிருந்து ஆரம்பித்தோம். அப்போதும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கினார். நான் ஸ்டார்ட் செய்யப் போனேன். "மொதல்ல வண்டி நகராம பத்துத் தடவ மிதிங்க" என்றார். பேடு டிஸ்க்கைத் தொடும் வரை மிதி தரைக்குப் போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தவர் ஒருவர் கொட்டகைத் தூணை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாராம். தூணில் தழும்பு இருந்தது.

குலசை சாலையில் அதே இடம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். மெதுவாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, புதுப் பேடு படியும் வரைக்கும். நின்றதும் இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கொரு சக்கரத்தில் புறங்கையை நாலு விரல் தள்ளிக் காட்டினோம். பிறகு இடம் மாறிக் காட்டினோம். பார்த்தவர்கள் கண்ணேறு கழிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டிலும் ஒரே வெதுவெதுப்பு.

நாய் அன்று ராத்திரி வந்து இடது சக்கரத்தை முகர்ந்தது. வலது சக்கரத்தை முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. பாசமாம் பாசம்.

ரெண்டு நாள் கழித்துத் தம்பி கடைக்கு வந்தார். (இதற்குள் நீலம் போய்விட்டது, எனக்கும் வாய் திரும்பிவிட்டது.) கூலியில் பாதிக்குக் கருப்பட்டியாகக் கொடுங்கள் என்றார். ஒன்றை எடுத்து உடைத்து, வெயிலில் காட்டி, ஓரத்தை நாக்கில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து வெளியூர் வண்டி ஒன்று வந்து நின்றது. திருச்செந்தூர் போய்விட்டு வருகிறவர்கள். இறங்கினவர் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "என்னங்க, வழியில இதுல பாதி விலைக்குக் கிடைச்சுதே. இனிப்பு இனிப்புதானே?" என்றார்.

வழக்கம்போல மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினேன். தூணருகே தம்பி ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, பைய, தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வகுப்பு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. அப்பாவைக் கூப்பிடவே இல்லை.

ராத்திரி கடை சாத்தும்போது ஷட்டர் கிறீச்சென்றது. பலகைக்கு அடியில் கையை விட்டு அந்தக் கிரீஸ் டப்பாவை எடுத்தேன். மூடியில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரியின் கையெழுத்து: 'ஷட்டருக்கு மட்டும்.' 'மட்டும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு.